ஒன்றரை அடித் தொட்டி

அந்த வருஷம் கார்த்திகை இரண்டாம் தேதி, டி பிளாக் மொட்டை மாடியில் ஜெயசீலி தன் மீன்தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பியபோது அதன் ஆழம் சரியாக ஒன்றரை அடி இருந்தது. தொட்டியை மாடிக்குத் தூக்கி வந்த கொத்தனாரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் அதற்குச் சாட்சி, பின்னால் தனித்தனியாகக் கேட்டபோதும் நால்வரும் அதையே சொன்னார்கள்.

தொட்டி என்பது ஒரு கிணற்று உறை. குடியிருப்பின் மூலையில் மழைநீர் சேகரிக்க உறைக்கிணறு இறக்கியபோது மிஞ்சிப்போன சிமென்ட் வளையம் அது, மூன்றடி அகலம், இரண்டு வருஷமாகக் காம்பவுண்டுச் சுவரோரம் கிடந்து அதன்மேல் பூனைகள் படுத்துக்கொண்டிருந்தன. முந்தைய வருஷங்களில் ஜெயசீலி பெரிய பிளாஸ்டிக் டப்பில்தான் மீன்களை விடுவாள்; அது வெயிலில் வெடித்துவிட்டதால் இந்த உறையைக் குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கேட்டு வாங்கி, மாடியில் வைத்து, அடியில் கான்கிரீட் போட்டு மூடச் சொன்னாள். புதுச் சிமென்ட்டின் காரம் மீனைக் கொன்றுவிடும் என்பதால் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஏழு நாள் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீரை மாற்றி, கையில் அள்ளிக் குடித்துப் பார்த்து, பிறகு ஆற்று மணலும் கூழாங்கல்லும் பரப்பி, வேலம்பாசி நட்டு, ஓர் ஓரத்தில் ஆகாயத்தாமரை நான்கைந்து மிதக்கவிட்டு, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக இரண்டு நாள் வெயில் காட்டி, காக்கைக்குப் பயந்து மேலே பச்சை வலை கட்டி, அதன் பிறகே வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் இருந்த இரண்டு தங்கமீன்களைக் கொண்டுவந்து விட்டாள். வெயில் இளகியிருக்கும் நான்கு மாதம் மீன்கள் வானத்தைப் பார்த்திருக்கும், பங்குனி பிறக்கும் முன் உள்ளே வந்துவிடும். ஆறு வருஷமாக அதுதான் வழக்கம்.

மீன்கள் அவளுடையவை அல்ல. எதிர் வீட்டு அமுதவல்லி குடும்பத்துடையவை. அமுதவல்லியின் கணவருக்குக் கோயம்புத்தூரில் புது வேலை கிடைத்து, வீடு பார்க்கக் கிளம்பியபோது, ஏழு வயது மகள் இதழினி கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆரஞ்சு நிறத்தது ஜாங்கிரி, வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி உள்ளது பூந்தி என்று அவளே பெயர் வைத்திருந்தாள். அப்போது அமுதவல்லி ஜெயசீலியிடம், "பத்து நாள் பாத்துக்கங்கக்கா, வந்து எடுத்துக்கறோம்" என்றாள். ஜெயசீலி சரியென்றாள். பத்து நாள் கழித்து லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது, அவர்கள் வரவில்லை. முதல் வருஷம் மாதத்துக்கு ஒரு முறை போன் வந்தது, அடுத்த வருஷம் பண்டிகைக்கு வந்தது, பிறகு அதுவும் நின்றது. எதிர் வீட்டில் வாடகைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஜெயசீலி மீன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளாகவே வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் படுத்தபோதும் அவளுக்கு இருந்த ஒரே கவலை, அவர்கள் வந்து கேட்கும்போது இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள், அதில் முதல் பதினைந்து வருஷம் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, கல்யாணம் ஆகாமல், அப்படியே இருந்துவிட்டவள். டி பிளாக்கில் அவளுக்குப் பெயர் டெலிபோன் அக்கா. ஊரெல்லாம் பேசிக்கொள்ள இணைப்புக் கொடுத்தவள், ஓய்வு பெற்ற பிறகு ஒரு வாரத்தில் பேசியதைக் கூட்டினால் பால்காரரிடம் நான்கு வார்த்தை, சர்ச் வாசலில் பத்து வார்த்தை, மிச்சமெல்லாம் மீன்களிடம். தினம் காலை ஆறு மணிக்குத் தொட்டியின் கிழக்கு விளிம்பில் ஸ்பூனால் மூன்று முறை தட்டுவாள். மூன்றாவது தட்டு முடியும் முன் இரண்டு வாயும் மேலே வந்து திறந்திருக்கும்.

தை மாதத்தில் ஒரு காலை அவள் தட்டிவிட்டுப் பத்து எண்ணும்வரை மீன்கள் வரவில்லை. மறுநாள் இருபது எண்ண வேண்டியிருந்தது. பாசி அடைத்துவிட்டதோ என்று கையை விட்டாள். முழங்கை போனது, தோள் போனது, கன்னம் தண்ணீரைத் தொட்டது, அடி அகப்படவில்லை. அவள் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, நுனியில் பூட்டைக் கட்டி இறக்கினாள். இருபத்திரண்டு அடிக் கயிறும் போனது. பூட்டு எதிலும் முட்டவில்லை.

அவள் இறங்கிப்போய்த் தன் படுக்கையறைக் கூரையைப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அதற்கும் கீழ் வீட்டில் இருந்த கோதண்டத்தின் கதவைத் தட்டி, உங்கள் படுக்கையறையில் ஏதாவது தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்டாள். கோதண்டம் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், சங்கச் செயலாளர், சொல்வதை அளந்து பார்க்காமல் நம்பாதவர். நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். தரையிலிருந்து மாடி நாற்பத்து நான்கு அடி. டேப் நூறும் போய், வளையத்தில் விரலை மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. ஆழம் யாருடைய வீட்டு வழியாகப் போகிறதோ அவர்களுக்கு அதில் உரிமை உண்டா என்று ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டு வழியாகப் போகவில்லை, போயிருந்தால் என் மின்விசிறி நனைந்திருக்கும் என்று கோதண்டம் பதில் சொன்னார். தண்ணீரின் கனம் கட்டடத்தைச் சாய்த்துவிடாதா என்று இன்னொருவர் கேட்க, ஒரு பொறியாளரை அழைத்துவந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, தட்டிப் பார்த்து, ஒன்றரை அடித் தண்ணீருக்கான கனம்தான் மாடியில் இருக்கிறது, மீதிக்கு நான் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்தார். கோதண்டம் சங்கக் குறிப்பேட்டில், மாடித் தொட்டி, ஆழம் நூறடிக்கு மேல், மற்றபடி குறை இல்லை என்று எழுதினார். அடுத்ததாக லிஃப்ட் பற்றிப் பேசினார்கள்.

மீன்கள் ஆழத்துக்குப் பழகிக்கொண்டன. ஸ்பூன் சத்தம் கீழே போய்ச் சேரவும் அவை மேலே வந்து சேரவும் ஆகும் நேரத்தை ஜெயசீலி தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வந்தாள். முதலில் நூறு எண்ணும் நேரம், பிறகு குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரம், மாசி பிறந்தபோது ஒரு மணி நேரம். அவளுக்கு அது புதிதாகப் படவில்லை. ஒரு காலத்தில் மதுரைக்கு டிரங்க் கால் புக் செய்தவர்கள் அரை நாள் காத்திருப்பார்கள். அர்ஜென்ட் என்றால் இரட்டைக் கட்டணம், லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. மீன்களுக்கு லைட்னிங் கால் கிடையாது என்பது தெரிந்தது, ஓங்கித் தட்டினாலும் அதே நேரம்தான் ஆயிற்று. ஆனால் தட்டியது எதுவும் வீண்போகவில்லை. இரண்டு முறை தட்டினால் இரண்டு முறை வந்தன, ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில்.

மாசிக் கடைசியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. தரைத்தளத்து மெகருன்னிசாவின் கணவருக்கு இன்சுலின் மருந்து குளிரில் இருக்க வேண்டும், ஐஸ் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மெகருன்னிசா மருந்துக் குப்பிகளை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, மொட்டை மாடிவரை ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"டெலிபோன் அக்கா, உங்க தொட்டி அடியில சில்லுனு இருக்கும்ல?"

"தெரியலையே மெகருன். யாரும் போய்ப் பாக்கலை."

"இது போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லித் தூக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். ஒரு மணி நேரம் கழித்து இழுத்தபோது தூக்கு சில்லிட்டுப்போயிருந்தது, கையில் பிடிக்க முடியாமல் முந்தானையால் பிடித்தாள்.

மறுநாள் மூன்று கயிறு இறங்கியது, அதற்கு மறுநாள் பதினொன்று. கரண்ட் வந்த பிறகும் கயிறுகள் குறையவில்லை. தொட்டியில் இறக்கிய தயிர் புளிப்பதில்லை என்று ஒரு பேச்சு, அதில் வைத்த மல்லிகை மூன்றாம் நாளும் மொட்டாக இருக்கிறது என்று இன்னொரு பேச்சு, தர்ப்பூசணியை ஒரு பகல் இறக்கி எடுத்தால் பல் கூசும் என்று பி பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மோர்ப் பானைகள் போயின, இட்லி மாவு போனது, பிரசவித்த ஒரு பெண் சேமித்து வைத்த தாய்ப்பால் போனது. விளிம்பைச் சுற்றிக் கொக்கிகள் அடித்து, ஒவ்வொரு கயிற்றிலும் வீட்டு எண் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுக் கோதண்டம் ஒழுங்கு செய்தார். கிழக்கே ஒற்றைப்படை எண் வீடுகள், மேற்கே இரட்டைப்படை, ஒருவர் கயிறு இன்னொருவர் கயிற்றில் சிக்கினால் இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து இழுத்ததில் இரண்டு வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு வீடுகள் பேசிக்கொண்டன. ஒருவர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கிலோ வஞ்சிர மீன் வாங்கிவந்து பையோடு இறக்கப் பார்த்தார். அன்று மட்டும்தான் ஜெயசீலி குரலை உயர்த்தினாள். "சொந்தக்காரங்களை அதுங்க கண்ணு முன்னால இறக்காதீங்க" என்றாள். அந்தப் பேச்சு ஒரு வாரம் பிளாக்கில் சுற்றியது, அவளைப் பார்த்தவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாடிச் சாவி அவளிடம் இருந்தது. சாவி கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள், நின்றவர்களை உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தவர்களுக்குத் தொட்டியில் குளிர்ந்த மோரை ஊற்றிக் கொடுத்தாள். ஒற்றை நாற்காலி இருந்த கூடத்தில் இன்னும் மூன்று நாற்காலிகள் வந்தன. யாருக்குத் தைராய்டு, யார் பையன் அரியர் வைத்திருக்கிறான், யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவந்தது. மாலையில் தொண்டை கட்டிக்கொண்டது. இவ்வளவு பேசி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

கயிறுகள் கூடக் கூட மீன்கள் இன்னும் கீழே போயின. பாத்திரங்கள் எட்டாத அமைதியைத் தேடித்தான் போகின்றன என்று அவளுக்குத் தெரியும். குறித்து வைத்த நேரமே அதைச் சொன்னது. பங்குனி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பி, காற்று மோட்டாரையும் ஓடவிட்டாள். மறுநாள் மீன்களைப் பிடித்துத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் மெகருன்னிசா தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள், ஜெயசீலி ஒரு நாள் போகட்டும் என்று விட்டாள். பிறகு ஞாயிறு கழியட்டும் என்றாள், பிறகு குருத்தோலை ஞாயிறு, பிறகு ஈஸ்டர். வெயில் ஏறினாலும் ஆழத்தில் குளிராகத்தானே இருக்கிறது, மீனுக்கு அதுதானே நல்லது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. வெறும் தண்ணீரில் மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. சித்திரை பிறந்தபோது அவள் தட்டுவதற்கும் மீன்கள் வருவதற்கும் நடுவே முழுதாக நான்கு நாள் ஆயிற்று. குளிரில் கிடக்கும் மீனுக்குப் பசி குறைவு, வாரத்துக்கு ஒரு முறை தட்டினால் போதும் என்று விட்டாள்.

அப்போதுதான் அமுதவல்லியின் போன் வந்தது. எதிர் வீட்டை விற்கப் போவதாகவும், பத்திரப் பதிவுக்கு வெள்ளிக்கிழமை வருவதாகவும், இதழினியும் கூட வருவாள் என்றும், அக்காவைப் பார்க்காமல் போகமாட்டோம் என்றும் சொன்னாள்.

"மீனை எடுத்துட்டுப் போக எதுல கொண்டு போவீங்க? மூடி போட்ட வாளி நான் வாங்கி வைக்கட்டா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. "நீங்க இன்னும் அப்படியே இருக்கீங்கக்கா" என்றாள் அமுதவல்லி.

வெள்ளிக்கிழமை மீன்கள் மேலே இருக்க வேண்டுமானால் திங்கட்கிழமை காலை தட்ட வேண்டும். ஜெயசீலி வழக்கமாகத் தட்டும் நாளை அந்த வாரம் விட்டுவிட்டு, திங்கள் காலை ஆறு மணிக்குக் கிழக்கு விளிம்பில் நின்று மூன்று முறை தட்டினாள். கயிறுகளையெல்லாம் புதன் மாலைக்குள் எடுத்துவிடும்படி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். மீனை உரியவர்கள் எடுத்துக்கொண்டால் தொட்டியைக் காலி செய்யப் போவதாகவும் சொன்னாள். சிலர் முகம் சுளித்தார்கள். பொதுப் பயனில் இருக்கும் ஒன்றை இப்படித் திடீரென்று மூடலாமா என்று கோதண்டத்திடம் முறையிட்டார்கள், அவர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, ஆழத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, பயனைப் பற்றி எழுதவில்லை என்றார். ஜெயசீலி மூடி போட்ட வாளி வாங்கி, மூடியில் ஆணியால் துளை போட்டு, மீன் பிடிக்கும் கைவலையையும் எடுத்து வைத்தாள்.

செவ்வாய் மதியம் மறுபடி போன். பதிவு அலுவலகத்தில் புதன்கிழமைக்கே டோக்கன் கிடைத்துவிட்டதாம், நாளைக்கே வருகிறோம், திரும்பிப் போக மூன்று மணிக்கு ரயில் என்றாள் அமுதவல்லி. ஜெயசீலி போனைக் காதில் வைத்தபடி காலண்டரைப் பார்த்தாள். மீன்கள் அப்போது பாதி வழியில்கூட இல்லை.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். அமுதவல்லி கொஞ்சம் பருத்திருந்தாள், மைசூர்பாகு டப்பா கொண்டு வந்திருந்தாள். இதழினிக்குப் பதின்மூன்று வயது, அம்மாவை விட உயரம், ஒரு காதில் இயர்போன், கேட்டதற்கு மட்டும் பதில். ஜெயசீலி மோர் கொடுத்தாள். பிறகு இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய்ச் சூழ்நிலையை வரிசையாக விளக்கினாள், தொட்டி ஆழமாகிவிட்டதையும், மீன்கள் வந்துகொண்டிருப்பதையும், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிச்சயம் மேலே இருக்கும் என்பதையும், இரண்டு நாள் தங்க முடியுமா என்பதையும். கயிறுகளை எடுத்துக்கொண்டிருந்த கோதண்டம், மேடம் சொல்வது சரி, நூறடிக்கு மேல் என்று நடுவில் சொன்னார்.

அமுதவல்லி தொட்டியை எட்டிப் பார்த்தாள். பாசி, ஆகாயத்தாமரை, கறுத்த தண்ணீர். பிறகு ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கேலி ஏதும் இல்லை, அன்புதான் இருந்தது.

"அக்கா, தங்கமீன் எத்தனை வருஷம் இருக்கும்? அது எப்பவோ போயிருக்கும். நீங்க சங்கடப்படாதீங்க. புதுசா வாங்கி விட்டிருந்தாலும் பரவால்லக்கா, நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

ஜெயசீலி தனக்குச் சொல்லத் தெரிந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மாசியிலோ பங்குனி பிறந்ததுமோ மீன்களைப் பிடித்திருந்தால் அவை இப்போது கூடத்தில் கண்ணாடிக்குள் நின்றிருக்கும். அப்படிப் பிடிக்காமல் விட்டது சாவி கேட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்காக.

வெயில் தாங்காமல் இதழினி மேற்குப் பக்கம் கட்டடத்தின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தாள். அம்மா படியிறங்கத் தொடங்கியதும் அவள் குனிந்து, கையிலிருந்த வீட்டுச் சாவியால் உறையின் விளிம்பில் இரண்டு முறை வேகமாக, ஒரு முறை நிறுத்தித் தட்டினாள். டக் டக், டக். சின்ன வயதில் கண்ணாடியில் பென்சிலால் அப்படித்தான் தட்டுவாள். தட்டியதை அவளே கவனித்தாளா தெரியாது. நிமிர்ந்து, "பை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அப்போது மணி பன்னிரண்டு பத்து. ஜெயசீலி பழைய பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மீன்கள் வந்தன. முதலில் கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு தீப்பொறி போல ஜாங்கிரி, பின்னாலேயே பூந்தி, கிழக்கு விளிம்பில் வழக்கமான இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஆழத்துக் குளிரில் செதில்கள் இன்னும் பளபளத்திருந்தன. கோதண்டமும் மெகருன்னிசாவும் கூட இருந்தார்கள். கோதண்டம் செல்போனை எடுத்தார். வீடியோ பிடித்து அந்த அம்மாவுக்கு இப்போதே அனுப்பிவிடலாம், பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம் என்றார்.

"வேண்டாம்" என்றாள் ஜெயசீலி. "பழைய மீனா புது மீனான்னு படத்துல எப்படித் தெரியும்?"

"சரி, பிடிச்சு உள்ளயாவது விடுங்கக்கா. வலை கையில இருக்குல்ல" என்றாள் மெகருன்னிசா.

வலை கையில்தான் இருந்தது. ஜெயசீலி தீனியைத் தூவினாள், இரண்டும் தின்று முடிப்பதைப் பார்த்தாள், அவை திரும்பிக் கீழே போவதையும் பார்த்தாள்.

"இன்னொரு கால் இருக்கு" என்றாள். "அந்தப் பொண்ணு புதன்கிழமை புக் பண்ணிட்டுப் போயிருக்கு. நடுவுல கட் பண்ணக் கூடாது."

மெகருன்னிசா கோதண்டத்தைப் பார்த்தாள், அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் ஜெயசீலி பதினொரு மணிக்கே மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குடை பிடித்திருந்தாள். கொக்கிகள் வெறுமையாக இருந்தன. கயிறு இல்லாததால் யாரும் வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது கிழக்கு விளிம்பில், வழக்கமாக ஸ்பூன் தட்டும் இடத்தில். பன்னிரண்டு பத்துக்குத் தண்ணீர் அசைந்தது. இரண்டும் மேலே வந்தன. வந்தவை அவளிடம் வரவில்லை. மேற்கு விளிம்புக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்திருந்த இடத்தில், இதழினி நின்ற அதே இடத்துக்கு நேராக, தலையைத் தூக்கி நின்றன. அவள் தீனி டப்பாவைக் குலுக்கினாள். திரும்பவில்லை.

ஆக இவை அதே மீன்கள்தான். உலகத்தில் இதைவிடத் தெளிவான அத்தாட்சி இல்லை, அதைப் பார்க்க அவளைத் தவிர யாரும் இல்லை.

அவள் போனை எடுத்து அமுதவல்லியின் எண்ணை அழைத்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள், மறுபடி ஓய்ந்தது. போனை மடியில் வைத்துவிட்டு மீன்களைப் பார்த்தாள். பிறகு, முப்பது வருஷமாக யாரும் கேட்டிராத ஒரு குரலில், மேலும் கீழும் போகாத, கேட்பவரைக் கோபப்படவிடாத அந்த எக்ஸ்சேஞ்ச் குரலில், தண்ணீரை நோக்கிச் சொன்னாள்:

"கூப்பிட்டவங்க லைன்ல இல்லை. காத்திருக்கீங்களா?"

மீன்கள் காத்திருந்தன. நிழல் நகர்ந்து வெயில் வந்தது, அப்போதும் அவை போகவில்லை. அவள் எழுந்து மேற்குப் பக்கம் சுற்றி வந்து, குடையை அவற்றின்மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு குந்தினாள். நான்கு மணிவாக்கில் ஒரு தீனி உருண்டை கைதவறி மூழ்கியது, எடுக்கக் கையை விட்டாள். முழங்கைக்கு மேல் நனையும் முன் விரல்கள் மணலில் பட்டன. துழாவிப் பார்த்தாள். மணல், கூழாங்கல், அதற்குக் கீழே கான்கிரீட். வலையே தேவைப்படவில்லை, இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தி வாளியில் விட்டுக் கீழே கொண்டுபோனாள்.

மறுநாள் கோதண்டம் வந்து அளந்து, ஒன்றரை அடி என்று குறிப்பேட்டில் எழுதி, மேலே எழுதியிருந்ததை அடிக்காமல் அப்படியே விட்டார். ஒரு வாரம் வரை யாராவது ஒருவர் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஃப்ரிட்ஜ்களில் இடம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வீட்டு எண் எழுதிய அட்டைகளோடு கயிறுகள் மாடிக் கைப்பிடியில் தொங்கின, அவற்றைத் திருப்பிக் கேட்டோ சாவியைக் கேட்டோ யாரும் வரவில்லை. மெகருன்னிசா மட்டும் படியில் பார்த்தால் நின்று, சொந்தக்காரங்க சௌக்கியமா என்று கேட்பாள்.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எண் அமுதவல்லியுடையது, குரல் இதழினியுடையது.

"ஆன்ட்டி, அன்னிக்கு ரெண்டு மிஸ்டு கால் இருந்துச்சு. அம்மா கூப்பிட மறந்துட்டாங்க."

"உனக்குத்தான் கூப்பிட்டேன். நீ தட்டிட்டுப் போனல்ல, மீன் வந்துச்சு. நீ நின்ன பக்கம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், போகவில்லை.

"டக் டக், அப்புறம் ஒண்ணு. அதுக்கா?" என்றாள் இதழினி.

"அதுக்குத்தான்."

"பூந்தியுமா?"

"ரெண்டும்."

பிறகு அந்தப் பெண், "லீவு விடப்போறாங்க ஆன்ட்டி. பத்து நாள்ல நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

ஜெயசீலி சரியென்றாள்.

போனை வைத்துவிட்டுக் காலண்டரின் முன் நின்றாள். பத்தாவது தாளை எண்ணி எடுத்து அதன் மூலையை மடித்தாள். முந்தைய பத்து நாள் ஆறு வருஷம் எடுத்துக்கொண்டதையும் எண்ணிப் பார்த்தாள், அந்தக் கணக்கு காலண்டரில் அடங்காது. வாளியைக் கழுவித் துளை போட்ட மூடியோடு வாசல் பக்கம் வைத்தாள். கண்ணாடித் தொட்டியில் மீன்கள் அன்றும் மேற்குப் பக்கக் கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தன, கதவையும் அதற்கு அப்பால் எதிர் வீட்டுக் கதவையும் பார்த்தபடி. கூடத்தில் நான்கு நாற்காலிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை அவள் அந்தப் பக்கமாக எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.